உப்பளத்து ஊரிலும் அயடீன் தானாக வராது

திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிக்குக் கிழக்கே கடல், ஊர்ப்பக்கத்திலேயே உப்பளம். மீனும் உப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், அயடீன் குறைபாடும் தைரொயிட் நோயும் மலைநாட்டாரின் பிரச்சினை என்ற எண்ணம் இங்கே இலகுவாக வந்துவிடுகிறது. அது பிழையான எண்ணம். கடல்நீர் வெயிலில் வற்றி உப்பாகும்போது அதில் தங்கும் அயடீன் மிகச் சொற்பம். பாத்தியிலிருந்து வாரிய கல்லுப்பை அப்படியே சமையலுக்கு எடுத்தால், உடலின் அன்றாடத் தேவையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அயடீனைச் சேர்க்கவேண்டியது ஆலை. சேர்க்கச் சொல்வது சட்டம். சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இதில் எந்தக் கை தளர்ந்தாலும் பாதிப்பு குடும்பத்தின் தலையில்தான் விழும்.

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அயடீனைக் கொண்டுதான் தைரொக்சின் என்ற ஓமோனைச் செய்கிறது. இதயத் துடிப்பு, உடற்சூடு, செரிமானம், மாதவிடாய் எல்லாம் அதன் அளவைப் பொறுத்தவை. அது குறைந்தால் களைப்பு, உடம்பு ஊதல், மலச்சிக்கல், முடி கொட்டுதல், மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாக வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். வீட்டுவேலையும் மீன்வாடி வேலையும் சேர்ந்து செய்யும் பெண்ணின் களைப்பை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை, அவளும் பார்ப்பதில்லை. அதனால் வருடங்கள் வீணாகப் போகின்றன.

இலங்கைக்கு அயடீன் குறைபாடு புதிதல்ல. 1960களில் மகாதேவாவும் அவரது சக ஆய்வாளர்களும் தைரொயிட் சுரப்பி வீங்கும் கண்டமாலை நோயை இலங்கையில் ஆராய்ந்து எழுதினார்கள். 1986இல் நடந்த கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகளில் 18.8 சதவீதமானோருக்குக் கண்டமாலை இருந்தது. 1995இல் உணவு உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாயிற்று. 2010ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் அந்த வீதம் 4.4 ஆகக் குறைந்திருந்தது. பெரிய வைத்தியசாலை எதுவும் கட்டாமல், மலிவான ஒரு பொருளைச் சரியாகக் கலந்ததால் கிடைத்த வெற்றி இது. அளவு மிஞ்சினாலும் சுரப்பி கெடலாம் என்பதால், 2005இல் அயடீன் அளவு கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் என்று திருத்தப்பட்டது.

இந்த அளவைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஐந்து கிராமில் 75 முதல் 150 மைக்ரோகிராம் அயடீன் கிடைக்கும். வளர்ந்தவருக்கு 150 தேவை, கர்ப்பிணிக்கு 250. குறையை மீனும் முட்டையும் பாலும் நிரப்பவேண்டும். வாடைக்காற்றில் தோணி இறங்காத மாதங்களில் கரையோரக் குடும்பத்துக்கும் மீன் அரிதாகிவிடும். கர்ப்பிணிக்கு இது கவலைக்குரியது, ஏனென்றால் கருவின் மூளை முதல் மாதங்களில் தாயின் தைரொக்சினை நம்பியே வளர்கிறது. உப்பும் எப்போதும் தாராளமாகக் கிடைப்பதில்லை. மழையால் உப்பு விளைச்சல் கெட்டு, 2025இன் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து உப்பு இறக்கவேண்டி வந்தது. இப்படியான தட்டுப்பாட்டுக் காலத்தில் மூட்டை பிரித்து அளந்து விற்கும் உப்பைச் சோதிப்பது இன்னும் அவசியம்.

உப்போடு வேலை முடியவில்லை. உலகெங்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் முதல் நாலாயிரம் பிறப்புகளுக்கு ஒரு குழந்தை தைரொயிட் சரியாக இயங்காமல் பிறக்கிறது. பிறந்து ஒருநாள் கழிந்தபின் குதிக்காலில் எடுக்கும் இரத்தச் சொட்டு அதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு கிழமைக்குள் மருந்து தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போலப் படித்து வளரும். தவறினால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகக் குன்றும். 2010இல் தென்மாகாணத்தில் தொடங்கிய இந்தப் பரிசோதனை பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. அவசரமாகத் துண்டு வெட்டி வீடு போகும் தாயின் பிள்ளை இதில் விடுபடக்கூடாது.

தைரொக்சின் குறைவுக்கான மருந்தும் எளியதுதான். 1891இல் ஜோர்ஜ் மரே என்ற ஆங்கிலேய மருத்துவர் செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றை ஊசியாக ஏற்றிய நோயாளி, அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். இன்று அதே வேலையைச் சின்னக் குளிசை செய்கிறது. ஆனால் அதை வெறும் வயிற்றில், தேநீருக்கு அரைமணி நேரம் முன்னரேனும் போடவேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நோன்பு காலத்தில் இதை நிறுத்தத் தேவையில்லை. சஹர் உணவுக்கு முன்னரோ, இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் பிந்தியோ போடலாம். சில நாள் விட்டாலும் உடம்பு உடனே காட்டாது. சுகமாகிவிட்டது என்று நிறுத்துவோர் ஏமாறுவது அதனால்தான். கர்ப்பம் தரித்ததும் அளவைக் கூட்டவேண்டி வரலாம். அதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

குச்சவெளியிலிருந்து திருகோணமலை நகரம் முப்பது கிலோமீற்றருக்கு மேல். புல்மோட்டைப் பக்கத்தாருக்கு இன்னும் தூரம். ஓர் இரத்தப் பரிசோதனைக்காகக் கூலிநாளை இழந்து பஸ் ஏறச் சொன்னால், அடுத்தமுறை பலர் போகமாட்டார்கள். நோயாளி போகத் தேவையில்லை, இரத்த மாதிரி போனால் போதும். உள்ளூர் வைத்தியசாலையில் எடுத்து, நகர ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் மூலம் வீட்டுக்குச் சொல்லலாம். முன்பு தைரொயிட் நோய் இருந்த, அடிக்கடி கருக்கலைந்த, குடும்பத்தில் இந்த நோயுள்ள கர்ப்பிணிகளுக்கு முதல் கிளினிக்கிலேயே டி.எஸ்.எச். என்ற தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். மருந்தளவு நிலைப்பட்டவர்களுக்கு மூன்று மாதக் குளிசையை ஒரே தடவையில் கொடுக்கலாம். கடை உப்பைச் சோதிக்கும் எளிய சோதனைப் பெட்டியைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் கொடுக்கலாம்.

கிளினிக்கும் மருத்துவிச்சியும் இலவச மருந்தும் உள்ள நாட்டில் இவை எதுவும் பெரிய செலவல்ல. திருகோணமலைச் சுகாதார நிர்வாகம் இவற்றை ஓர் ஒழுங்கில் கோர்த்தால், உப்பு விளையும் மண்ணில் பிறக்கும் ஒரு பிள்ளைகூட அயடீனும் குளிசையும் கிடைக்காத காரணத்தால் பின்தங்கவேண்டியதில்லை. நாம் கேட்கவேண்டியது அதைத்தான், கிடைக்கும்வரை கேட்கவேண்டும்.