கத்தி இல்லாத வடசென்னைக் கதை

ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் தம்பி தங்கைகள் நிறைய பேர் கதை எழுத வந்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் நம்மிடம் படிக்கத் தரும் பல கதைகளில், முதல் பக்கத்திலேயே ஒருவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவிவிடுகிறான். சினிமா நம்மைப் பார்த்த கண்ணை நாமே ஏன் கடன் வாங்க வேண்டும்?

தோழர்களே, வேலையிலிருந்து தொடங்குங்கள். பூமணியின் 'பிறகு' (1979) நாவலில் நாம் அழகிரியை அறிவது அவருடைய தோல் வேலையின் வழியாகத்தான். அது கரிசல் காடு. நம்மூரில், துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அந்த டிரைவர் எங்கே குளிக்கிறார், எங்கே தூங்குகிறார்? விசாரித்து எழுத ஒரு வாரமாவது ஆகும். கத்திக்குத்தை எழுதப் பத்து நிமிடம் போதும்.

அடுத்தது மொழி. கதையில் வருகிறவர் 'இன்னாபா' என்கிறார்; கதை சொல்கிறவரோ பாடநூல் தமிழில் பேசுகிறார். அப்போது வாசகர் யார் பக்கத்தில் நின்று யாரை வேடிக்கை பார்ப்பார்? பாமா 'கருக்கு' (1992) நூலில் பேச்சு மொழியை உரையாடலுக்குள் மட்டும் அடைக்கவில்லை. சொல்கிறவரே அந்த மொழியில்தான் சொல்கிறார். அது தன்வரலாறு என்றாலும் கதைக்கும் பொருந்தும். (இந்தப் பதிவு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். கட்டுரைக்கு இது போதும்.)

சாதியை 'ஏழைக் குடும்பம்' என்ற சொல்லுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். நகரத்தில் அது நேராக வராது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் 'சைவமா?' என்று கேட்கும். 'சொந்த ஊர்ல எந்தத் தெரு?' என்று கேட்கும். அதற்கு உங்கள் அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுங்கள். கீழே விளக்கம் வேண்டாம்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் என்பதைச் செய்தித்தாள்கள் எழுதிவிட்டன. மூச்சு முட்டி ஓடியவர்கள் கையில் எதை எடுத்துக்கொண்டார்கள்? கதவைப் பூட்டினார்களா? நடக்க முடியாத ஆயாவை யார் தூக்கினார்கள்? போய்க் கேளுங்கள். பெயரை மாற்றி எழுதுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும் முன் சொன்னவரிடமே படித்துக் காட்டுங்கள். 'இப்டி இல்லபா' என்று அவர் சொன்னால், அந்த இடத்தை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திருத்துங்கள்.