கழுத்துச் சங்கிலிக்கும் கணக்கு உண்டு

ஜூலை பிறந்துவிட்டால் மாதச் சம்பளக்காரர்களின் வீடுகளில் வருமான வரிப் பேச்சும் பிறந்துவிடுகிறது. சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடிக்கப்பட்டுவிடுவதால், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும் படிவத்தைச் சரிபார்த்து அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். மூலதன ஆதாயம் உண்டா என்ற கேள்வி வந்தால், “பங்கு வியாபாரமா செய்தோம்?” என்று சொல்லி, ‘இல்லை’ எனக் குறித்துவிடுகிறார்கள். அந்த ஆண்டில் வீட்டுப் பொருள் எதையேனும் விற்றிருந்தால், இந்த ஒரு பதில் தவறாகிவிடக் கூடும்.

மும்பையில் வாழும் தமிழர் குடும்பங்களுக்கு இது தொலைவான விஷயம் அல்ல. மாற்றல் வந்தால் கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுச் செல்வது வழக்கம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த இத்தகைய பொருள்களையும், ஸ்கூட்டர், கார் போன்ற வாகனங்களையும் விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. இவை தனி உபயோகப் பொருள்கள் என்று சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. லாபத்துக்கு வரி இல்லாததுபோலவே நஷ்டத்தையும் கணக்கில் கழிக்க முடியாது. பழைய சாமான்களை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால்தான் அது வியாபார வருமானம் ஆகும். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் நகையில் இருக்கிறது. நகையும் தனி உபயோகப் பொருள்தானே என்று கேட்கலாம். 1972ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நகையை அந்த விலக்கிலிருந்து நீக்கிவிட்டது. ஓவியம், சிற்பம் போன்ற கலைப் பொருள்களும் 2007இல் நீக்கப்பட்டன. லட்சுமி பூஜையில் வைத்து வணங்கிய தங்க நாணயங்களும் வெள்ளிக் கட்டிகளும் தனி உபயோகப் பொருள்கள் ஆகா என்று உச்ச நீதிமன்றம் 1976இல், ஒரு முன்னாள் சமஸ்தான மன்னரின் வழக்கில், தீர்ப்பளித்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதலான காலத்துக்கு வகுக்கப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நகைக்கு விலக்கு இல்லை.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய் உள்ள ஒரு பெண், தாயார் கொடுத்த 4 பவுன் சங்கிலியை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 2,50,000 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாயாரிடமிருந்து வந்த நகைக்குத் தாயார் வாங்கிய விலையே அடக்க விலை. அவர் வைத்திருந்த காலமும் கணக்கில் சேரும். நகை 2001 ஏப்ரல் 1க்கு முன்பே வாங்கியதானால், அன்றைய சந்தை விலையை எடுத்துக்கொள்ளலாம். அதை 13,000 ரூபாய் என்று கொண்டால், ஆதாயம் 2,37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த நகை ஆதலால், 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி வரி பன்னிரண்டரை சதவிகிதம். அதாவது 29,625 ரூபாய். 4 சதவிகித செஸ் சேர்த்தால் 30,810 ரூபாய்.

12 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை என்று 2025 பட்ஜெட்டில் சொன்னார்களே என்று அவர் திகைப்பார். அந்தத் தள்ளுபடி சம்பளம் போன்ற சாதாரண வருமானத்தின் வரிக்குத்தான். தனி விகிதத்தில் விதிக்கப்படும் இந்த வரிக்குப் பொருந்தாது. ஆக, ஆண்டு முழுவதும் உழைத்துப் பெற்ற சம்பளத்துக்கு வரி இல்லை. கட்டணம் கட்டக் கழற்றிக் கொடுத்த சங்கிலிக்கு வரி உண்டு!

வேறு வருமானமே இல்லாத இல்லத்தரசிக்கு இந்தத் தொல்லை குறைவு. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் உள்ள 4 லட்சம் ரூபாய் அடிப்படை வரம்புக்குள் ஆதாயம் அடங்கிவிட்டால் வரி இராது. ஆனால் நகை யாருடையது என்பது முக்கியம். தாய் வீட்டுச் சீராக வந்தது மனைவியின் சொத்து. அதன் ஆதாயமும் அவருடையதே. கணவர் தம் பணத்தில் வாங்கிப் பரிசாகக் கொடுத்த நகையானால் ஆதாயம் கணவரின் கணக்கில் சேர்க்கப்படும். பழைய நகையைக் கொடுத்துப் புதியது மாற்றிக்கொள்வதும் சட்டத்தின் பார்வையில் விற்பனைக்குச் சமமே. அடகு வைப்பது விற்பனை ஆகாது. மீட்க முடியாமல் ஏலம் போனால் ஆகும். விற்ற பணத்தில் வீடு வாங்கினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்குக் கோர வழி உண்டு. கல்விக்கும் கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் செலவிட்டால் அத்தகைய சலுகை இல்லை.

வரியே கூடாது என்பது வாதம் அல்ல. பெட்டி பெட்டியாகத் தங்கம் வாங்கிப் பதுக்குபவர்கள் தப்பிக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால் அந்த வலையில் ஒற்றைச் சங்கிலிக்காரரும் சிக்க வேண்டுமா? பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்பவருக்கு ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை ஆதாயத்துக்கு வரி கிடையாது. அதே 2,37,000 ரூபாய் ஆதாயம் பங்கில் கிடைத்திருந்தால் அந்தப் பெண் கட்ட வேண்டியது செஸ் உட்பட 14,560 ரூபாய்தான். பாதிக்கும் குறைவு! சேமிப்பைப் பங்கில் போடத் தெரிந்தவருக்கு ஒரு நீதி, கழுத்தில் போட்டுக்கொண்டவருக்கு ஒரு நீதியா?

படிவத்திலும் இதே பாரபட்சம். சுலபம் என்று பொருள்படும் ‘சஹஜ்’ என்னும் முதலாம் படிவத்தில், 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, 1,25,000 ரூபாய்க்கு உட்பட்ட பங்கு ஆதாயத்தைக் காட்ட இடம் தந்திருக்கிறார்கள். நகை விற்றவரோ, ஆதாயம் ஆயிரம் ரூபாயே ஆனாலும், நீளமான இரண்டாம் படிவத்துக்குப் போக வேண்டும். நேர்மையாகக் கணக்குக் காட்ட நினைப்பவரையும் இந்த ஏற்பாடு மிரள வைக்கிறது. தெரியாமல் விட்டவரும் மறைத்தவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள்.

மத்திய அரசு செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. பங்குக்கு உள்ள வரம்பைக் குடும்ப நகைக்கும் அளிக்கலாம். அந்த அளவுக்கு உட்பட்ட விற்பனையை ‘சஹஜ்’ படிவத்திலேயே காட்ட அனுமதிக்கலாம். நகையும் பழைய நாற்காலியும் ஒன்றல்ல என்பதைப் படிவமே எளிய சொற்களில் விளக்கிவிட்டால் பாதித் தவறு நின்றுவிடும்.

அதுவரை சட்டம் சட்டம்தான். நகை விற்றவர்கள் கடை ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பழைய நகையின் 2001 மதிப்புக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று வாங்கி வைப்பது நல்லது. இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைகளில், விவரம் அறிந்தவர்களைக் கொண்டு படிவம் நிரப்ப உதவலாம்.

பவுன் பவுனாகச் சேர்த்தவை இந்த நகைகள். கஷ்ட காலத்தில் அவற்றை விற்பவர் லாபம் தேடிப் போனவர் அல்லர். இதை டில்லி உணருமா?