வாடகைக்குப் போன பெயர்கள்

கையடக்கத் தொலைபேசி வாங்க வருபவர்கள் முன்பெல்லாம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "நானா, இது கம்பனியா, சைனாவா?" கம்பனி என்றால் நொக்கியா, சொனி, சம்சுங் போன்ற பேர்போன நிறுவனங்கள். சைனா என்றால் பெயர் தெரியாத மற்ற எல்லாம். முப்பது வருடங்களாக இலத்திரனியல் பொருட்கள் விற்று வருபவன் என்ற வகையில் சொல்கிறேன், இன்று அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் நேர்மையாகப் பதில் கூற முடியாது. பெட்டியில் உள்ள பெயர் ஒருவருடையது, பொருளைச் செய்தவர் இன்னொருவர், இங்கே உத்தரவாதம் தருபவர் மூன்றாமவர் என்றாகிவிட்டது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குபவருக்கு இது சொல்லப்படுவதில்லை என்பதுதான் எனது முறைப்பாடு.

நொக்கியாவையே எடுத்துக் கொள்வோம். ஐபோன் வந்தது, நொக்கியா விழுந்தது என்று நம்மில் பலர் இந்தக் கதையை ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள். வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

பின்லாந்தில் 1865இல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1998இல் உலகில் ஆகக் கூடுதலாகக் கையடக்கத் தொலைபேசி தயாரிக்கும் நிறுவனமாகியது. 2003இல் வெளிவந்த 1100 மாதிரியை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தூசி புகாத பொத்தான்கள், வழுக்காத பக்கங்கள், மின்சாரம் போனால் டோர்ச். நம்மைப் போன்ற நாடுகளை மனதில் வைத்தே செய்யப்பட்ட போன் அது. 25 கோடிக்கும் மேல் விற்பனையானது. 2007இல் இன்டர்பிராண்ட் வெளியிட்ட, உலகின் பெறுமதிமிக்க வர்த்தக நாமங்களின் பட்டியலில் நொக்கியா ஐந்தாவது இடத்தில் இருந்தது. ஐபோன் விற்பனைக்கு வந்ததும் அதே வருடத்தில்தான். பெயருக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. பெயருக்குள் இருந்த மென்பொருள்தான் காலத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது. 2011 பெப்ரவரியில் தனது சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசொப்டின் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். 2012இல் சம்சுங் முதலிடத்தைப் பிடித்துக் கொண்டது.

2014 ஏப்ரலில் மைக்ரோசொப்ட், நொக்கியாவின் தொலைபேசித் தொழிலைப் பொறுப்பேற்றது. காப்புரிமைகளைப் பாவிக்கும் உரிமையையும் சேர்த்து விலை 544 கோடி யூரோ. ஆனால் நொக்கியா என்ற பெயரை பின்லாந்துக்காரர்கள் விற்கவில்லை. பாவிக்க மட்டுமே அனுமதி கொடுத்தார்கள். மைக்ரோசொப்டோ சில மாதங்களில் லூமியா போன்களிலிருந்து நொக்கியா பெயரை நீக்கித் தனது பெயரைப் போட்டது. 2015இல் இந்தக் கொள்வனவின் பேரில் 760 கோடி டொலரை நட்டமாக எழுதித் தள்ளியது. நொக்கியாவின் சாதாரண போன் தொழிலை 2016இல் 35 கோடி டொலருக்கு விற்றுவிட்டது. பொறியியலாளர்களையும் தொழிற்சாலைகளையும் வாங்கியவர் கைசேதப்பட்டார், பெயரை விற்காமல் வைத்திருந்தவர் தப்பிக் கொண்டார்.

அந்தப் பெயர் அதே 2016இல் எச்.எம்.டி. குளோபல் என்ற புதிய பின்லாந்து நிறுவனத்துக்குப் பத்து வருட அனுமதியில் கொடுக்கப்பட்டது. போன்களைச் செய்து கொடுக்கும் வேலையை பொக்ஸ்கொன் குழுமம் ஏற்றது. ஸ்மார்ட் போன்களுக்கான மென்பொருள் கூகிளுடையது. 2017இல் பழைய 3310ஐ புதுத் தோற்றத்தில் இறக்கியபோது எத்தனை பேர் பழைய நினைவில் வாங்கிப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். இதைப் போலி என்று சொன்னால் அது அநியாயம். எச்.எம்.டி.யில் பழைய நொக்கியாக்காரர்கள் பலர் வேலை செய்தார்கள், போன்களும் மோசமில்லை. ஆனால் 2024இல் அதே நிறுவனம் எச்.எம்.டி. என்ற தனது சொந்தப் பெயரிலும் போன்களை வெளியிடத் தொடங்கியது. வாடகை வீட்டில் இருப்பவர் காணி வாங்கி அத்திவாரம் போட்டால் அடுத்தது என்னவென்று நமக்குத் தெரியாதா? அசல் நொக்கியாவோ தொலைத்தொடர்பு வலையமைப்புக் கருவிகளைச் செய்து விற்று, பெயருக்கும் காப்புரிமைக்கும் பணம் வாங்கிக் கொண்டு நிம்மதியாக இருக்கிறது.

பிலிப்ஸின் கதை இதைவிட விசித்திரமானது. 1891இல் மின்குமிழ் செய்வதற்கென்றே ஒல்லாந்தில் தொடங்கிய நிறுவனம் இன்று மின்குமிழ் செய்வதில்லை. 2016இல் அந்தப் பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டு, 2018இல் சிக்னிபை எனப் பெயர் மாற்றப்பட்டது. அவர்களே பிலிப்ஸ் பெயரில் மின்குமிழ் விற்கிறார்கள். பிலிப்ஸ் தொலைக்காட்சித் தொழிலின் பெரும்பங்கு 2012இல் டி.பி.வி. நிறுவனத்துக்குப் போனது, 2014இல் மீதியும் போய்விட்டது. அயன் பொக்ஸ், கோப்பி இயந்திரம் போன்ற வீட்டுப் பாவனைப் பொருட்களை 2021இல் ஹில்ஹவுஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. தொஷிபா தொலைக்காட்சி 2018இலிருந்து சீனாவின் ஹைசென்ஸ் வசம். "சைனா சாமான் வேண்டாம், தொஷிபாவே தாங்க" என்று கேட்பவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

இதற்கு மறுபக்கமான ஒரு சம்பவம் உண்டு. சொனியை உருவாக்கியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா 1955இல் சிறிய டிரான்சிஸ்டர் வானொலியொன்றைத் தூக்கிக் கொண்டு அமெரிக்கா போனார். புலோவா என்ற பிரபல கடிகார நிறுவனம் ஒரே தடவையில் ஒரு இலட்சம் வானொலிகளை வாங்க முன்வந்தது. நிபந்தனை ஒன்றுதான், புலோவா என்ற பெயர் போட வேண்டும். டோக்கியோவிலிருந்த அவரது ஆட்களே ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். மொரிட்டா மறுத்துவிட்டார். ஐம்பது வருடங்களுக்கு முன் உங்கள் பெயரையும் யாருக்கும் தெரியாது, எங்கள் ஐம்பது வருடத்தின் முதல் அடியை இப்போதுதான் வைக்கிறோம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக வரலாறு. நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? எனக்கு வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான், ஒரு இலட்சம் என்பது சின்ன ஓடரா?

பெயரை வாடகைக்கு விடுவதை நான் குறை கூறவில்லை. அது அவர்களின் சொத்து. இடம் மாறிய பெயர் எல்லாம் கெட்டுப்போவதும் இல்லை. ஐ.பி.எம்.இன் கணினித் தொழிலை 2005இல் வாங்கிய லெனோவோ, திங்க்பேட் என்ற பெயரைப் பழைய தரம் குறையாமல் காப்பாற்றியிருக்கிறது. நமது நாட்டிலேயே சிங்கர் இருக்கிறது. 1877இல் தையல் இயந்திரத்துடன் இங்கு வந்த பெயரில் இன்று குளிர்சாதனப் பெட்டியும் மடிக்கணினியும் விற்கிறார்கள். யார் செய்ததென்று தெரியாவிட்டாலும், பழுதானால் எந்தக் கதவைத் தட்டுவது என்று சனங்களுக்குத் தெரியும்.

சிக்கல் அந்தக் கதவு இல்லாத இடத்தில்தான். சில வருடங்களுக்கு முன், உலகப் பெயர் ஒன்றைத் தாங்கிய தொலைக்காட்சியை என்னிடம் வாங்கிய ஆசிரியர் ஒருவர், எட்டாம் மாதத்தில் திரையில் கோடு விழுந்ததென்று வந்தார். உத்தரவாதம் இரண்டு வருடம். அதற்கிடையில் அந்தப் பெயருக்கான உள்ளூர் முகவர் மாறியிருந்தார். புதியவர், இது தாங்கள் இறக்கிய பொருளல்ல என்றார். பழையவர் உதிரிப்பாகம் இனி வராது என்றார். வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினால், தொலைக்காட்சிக்கு நாங்கள் பொறுப்பல்ல, அனுமதி பெற்றவரைக் கேளுங்கள் என்று மரியாதையான பதில் வந்தது. அந்த ஆசிரியருக்குத் தெரிந்த ஒரே முகவரி எனது கடை. மூன்று தடவை பஸ் ஏறி வந்தார்.

சில வர்த்தக நண்பர்கள் என்னிடம் சொல்வதுண்டு, "ஹாஜியார், சனங்கள் கேட்பது பெயரும் மலிவும்தான், இதையெல்லாம் விளங்கப்படுத்தப் போனால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்" என்று. சிலர் போவது உண்மைதான். ஆனால் கோளாறு வந்தால் அவர்கள் தேடிப் போவது ஐரோப்பாவிலுள்ள பெயர்க்காரரையல்ல, விற்றவரைத்தான். அந்தப் பெயர் விழுந்தாலும் அதன் உரிமையாளர் வேறொருவருக்கு வாடகைக்கு விடுவார். கடையின் பெயர் விழுந்தால் அதை வாடகைக்கு எடுக்க யார் வருவார்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நமக்கு உண்டு. பெட்டிகளில் இறக்குமதியாளரின் பெயரும் தயாரித்த நாடும் காணப்படுகின்றன. அதோடு வர்த்தக நாமத்தின் உரிமையாளர் யார், அனுமதியின் பேரில் பொருளைச் செய்தவர் யார், முகவர் மாறினால் உத்தரவாதத்தை யார் ஏற்பார் என்ற மூன்று வரிகளையும் உத்தரவாத அட்டையில் அச்சிட வேண்டுமென்று அந்தச் சபை கட்டாயப்படுத்தினால் என்ன? ஒரு அட்டைக்கு ஐந்து ரூபாய் கூடச் செலவாகாது.

அதுவரை காத்திருக்காமல், எனக்குப் பொருள் தரும் இரண்டு இறக்குமதியாளர்களிடம் இம்மூன்றையும் எழுத்தில் கேட்டேன். ஒருவர் மறுநாளே கடிதத் தலைப்பில் ஒப்பமிட்டுத் தந்தார். மற்றவர் இன்னும் யோசித்துக் கொண்டிருக்கிறார்.