ஒருநாள் நோயாளிகள்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் ஒரு கூறாக வைத்தார். அந்த நான்காவது கூறு நம் நாட்டில் எப்படி உருவாக்கப்படுகிறது? இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். என் தாய் ஒருநாள் நோயாளியாக நடித்தவர். அதுவே என் தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, களையெடுக்கப் போக வேண்டிய அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வேனில் ஏறிப் போனார். எங்கள் தெருவிலிருந்து பத்துப் பேர் போனார்கள். பக்கத்து ஊரில் ஒரு தனியார் நர்சிங் பயிற்சி நிலையத்துக்கு அன்று ஆய்வுக்குழு வருகிறதாம். அங்கே கட்டில்கள் இருந்தன, படுக்கத்தான் ஆளில்லை. அம்மாவின் கையில் பிளாஸ்திரி ஒட்டி, யாராவது கேட்டால் "காய்ச்சல்" என்று சொல்லச் சொன்னார்களாம். ஒருவரும் கேட்கவில்லை. மாலையில் இருநூறு ரூபாயும் ஒரு சோற்றுப் பொட்டலமுமாக வந்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

அதே நிலையத்தில்தான் என் பெரியப்பா மகள் படித்தார். பெரியம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அக்கா அழுதுகொண்டு வந்தார். ஒரு முதியவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லையாம். "நான் ஊசி போட்டதைவிட, போட்டதாகப் பதிவேட்டில் எழுதியதுதான் அதிகம்" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா படுத்திருந்த கட்டிலில் உண்மையான நோயாளி ஒருவர் இருந்திருந்தால் அக்கா தொழிலைக் கற்றிருப்பார் அன்றோ?

சட்டம் இல்லாமலா இது நடக்கிறது? சென்னை மாகாணத்தில் 1926-லேயே செவிலியர், தாதியர் சட்டம் வந்துவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. எத்தனை படுக்கை, எத்தனை ஆசிரியர் என்றெல்லாம் விதிகள் உண்டு. விதிக்குக் குறைவில்லை, அது காக்கப்படுகிறதா என்று பார்க்கும் கண்ணுக்குத்தான் குறை.

எங்கள் வட்டாரத்தோடு நின்ற கதையுமல்ல இது. மத்தியப் பிரதேசத்தில் உயர்நீதிமன்ற ஆணையின்படி 308 நர்சிங் கல்லூரிகளை சி.பி.ஐ. ஆய்வு செய்தது. தகுதியுள்ளவை 169, குறையுள்ளவை 74, தகுதியற்றவை 65 என்று 2024-இல் அறிக்கை வந்தது. அதே ஆண்டு மே மாதம், சாதகமான அறிக்கைக்கு லஞ்சம் வாங்கியதாக ஆய்வுக்குச் சென்ற சி.பி.ஐ. அதிகாரிகளே கைதாயினர். தேறிய 169 கல்லூரிகளையும் நீதித்துறை அலுவலர் முன்னிலையில் மீண்டும் ஆய்வு செய்ய நீதிமன்றம் ஆணையிட்டது. வேலியே பயிரை மேய்ந்தால் பிறகு காவல் யார்?

இத்தகைய கல்லூரிகளை எல்லாம் இழுத்து மூடிவிடலாம் என்பார் சிலர். மூடினால் தெருவில் நிற்பது என் அக்காவைப் போன்ற பெண்களே. அவர்கள் செய்த குற்றம் என்ன? குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு நல்ல கல்லூரி எது, போலி எது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. அரசின் முத்திரையை நம்பித்தான் நகை அடகுக்குப் போகிறது. ஆகவே அந்த முத்திரை பொய் சொல்லக் கூடாது.

2023-இல் இயற்றப்பட்ட தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம், மதிப்பிட்டுத் தரம் பிரிப்பதற்கென்றே ஒரு வாரியத்தை வகுத்துள்ளது. நல்லது. ஆனால் நாள் குறித்துவிட்டு வரும் ஆய்வு கல்யாண வீட்டுச் சம்பந்தி வருகை போன்றது. அன்றைக்கு எல்லாம் பளபளக்கும். சொல்லாமல் வர வேண்டும். மாணவியின் பதிவேட்டை மருத்துவமனையின் உள்நோயாளிப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். கட்டிலை எண்ணுவதோடு நில்லாமல், மாணவியை அழைத்து, "இந்த நோயாளிக்கு என்ன செய்வாய்? செய்து காட்டு" என்று கேட்க வேண்டும். முடிவைத் தமிழில் அச்சிட்டுக் கல்லூரி வாயிலில் ஒட்ட வேண்டும். பெற்றோர் படிக்கட்டும்; படிக்கத் தெரியாதவர்க்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்லட்டும்.

என் தாய்க்கு வயதாகிறது. என்றேனும் ஒருநாள் அவர் உண்மையாகவே காய்ச்சலோடு கட்டிலில் படுப்பார். அன்று அருகே வந்து நிற்கும் பெண், அதைக் கண்டறியும் அளவுக்காவது கற்றவளாக இருக்க வேண்டும்.