ஓ.டி.பி. வராவிட்டால் விவசாயி என்ன செய்வார்?

பட்டா இருக்கிறது. ஆதார் அட்டை இருக்கிறது. வங்கிப் பாஸ்புத்தகமும் கையில் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பதிவு முடியாமல் திரும்பி வரும் விவசாயிகள் ஏராளம். காரணம் ஒன்றுதான். செல்போனுக்கு வர வேண்டிய ஆறு இலக்க எண் வரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இன்று அந்தப் பூசாரியின் பெயர் ஓ.டி.பி.

பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வழங்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து பெற ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். தமிழக அரசு 2018-ல் தொடங்கிய உழவன் செயலியின் வழியே மானியம், இயந்திர வாடகை, விலை நிலவரம் ஆகியவை கிடைக்கின்றன. 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தரும் பதிவு தொடங்கியபோதும், ஆதார், பட்டா விவரங்களோடு செல்போன் எண் கேட்கப்பட்டது. ஆக, வேளாண்மைக்கு வரும் உதவிகளில் பெரும்பாலானவற்றின் வாசலில் இந்தப் பூட்டு தொங்குகிறது. பூட்டு தேவையா, சாவி யார் கையில் இருக்கிறது, சாவி தொலைந்தால் வழி என்ன என்ற மூன்றையும் யோசித்துப் பார்ப்பது அவசியம்.

பூட்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது

பூட்டே தேவையில்லை என்று சிலர் கோபத்தில் சொல்கிறார்கள். அது சரியல்ல. 2020-ல் தமிழ்நாட்டில் கிசான் திட்டத்தில் நடந்த மோசடியை யாரும் மறந்திருக்க முடியாது. அலுவலர்களின் ரகசியக் குறியீடுகளை இடைத்தரகர்கள் பயன்படுத்தி, நிலமே இல்லாதவர்களை எல்லாம் லட்சக்கணக்கில் விவசாயிகளாகச் சேர்த்துவிட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் தகுதியற்றவர்களின் கணக்குக்குப் போனதாக அரசே அறிவித்தது. உண்மையான விவசாயியின் பெயரில் வேறொருவர் பணம் வாங்காமல் இருக்க, அவர் கையில் உள்ள போனுக்கே ஓர் எண்ணை அனுப்பிச் சரிபார்ப்பது நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் பூட்டு திருடனைத் தடுக்க வேண்டுமே தவிர, வீட்டுக்காரனை வெளியே நிறுத்தக் கூடாது. இன்றைய நிலையில் பல கிராமங்களில் நடப்பது இரண்டாவதுதான்.

எல்லா மஞ்சளுக்கும் யூரியா மருந்தல்ல

பயிர் மஞ்சளித்தவுடன் யூரியாவைக் கொட்டுபவர் அனுபவமுள்ள விவசாயி அல்ல. அடி இலை மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை; குருத்து மஞ்சளித்தால் இரும்புச்சத்துக் குறை; வயல் முழுவதும் வெளிறினால் நீர் தேங்கி வேர் மூச்சடைத்திருக்கலாம். குறையைக் கண்டுபிடித்த பிறகே மருந்து. ஓ.டி.பி. வராத குறையும் அப்படித்தான். "மீண்டும் அனுப்பு" என்ற பொத்தானைப் பத்து முறை அழுத்துவது, எல்லா மஞ்சளுக்கும் யூரியா போடுவதற்குச் சமம். பலமுறை கேட்டால் சில செயலிகள் கொஞ்ச நேரத்துக்கு வழியையே அடைத்துவிடும். தாமதமாக நான்கு எண்கள் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் கடைசியாகக் கேட்டதற்கு வந்த எண் மட்டுமே செல்லும். முந்தியதை அடித்துவிட்டு "தவறு" என்று வந்ததும் மனம் சோர்ந்துபோகிறார்கள்.

முதலில் தெரிய வேண்டியது, கேட்கும் வழி வேறு, வரும் வழி வேறு என்பது. செயலியிலிருந்து கோரிக்கை இன்டர்நெட் வழியாகப் போகிறது. எண்ணோ சாதாரணக் குறுஞ்செய்தியாக, டவர் சிக்னல் வழியாக வருகிறது. இன்டர்நெட் நன்றாக இருந்து பேசும் சிக்னல் இல்லாவிட்டால் எண் வராது. பேச்சு நன்றாகக் கேட்டு இன்டர்நெட் விட்டுவிட்டு வந்தால், கோரிக்கையே போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே இரண்டும் கிடைக்கும் மேட்டுப்பாங்கான இடத்துக்குப் போய், போனை ஒரு முறை அணைத்துப் போட்டு, ஒரே ஒரு முறை கேட்டு, ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

அடுத்து ரீசார்ஜ். நடவுச் செலவு நெருக்கும் மாதத்தில் போனுக்குப் பணம் போடாமல் விடுவது உண்டு. கெடு முடிந்து சில நாட்கள் சென்றால் வெளியே பேசுவது மட்டுமல்ல, உள்ளே வரும் செய்தியும் நின்றுபோகும். 90 நாட்கள் பயன்படுத்தாமல் கிடக்கும் எண் ரத்தாகிவிடலாம். ரத்தான எண் பிற்பாடு வேறொருவருக்குக் கொடுக்கப்படும். அப்போது விவசாயியின் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவர் போனில் போய் விழும். இன்டர்நெட் தேவைப்படாதவர்களுக்காகப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கடையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பட்டன் போனில் இன்னொரு குறையும் உண்டு. செய்திப் பெட்டி நிறைந்துவிட்டால் புதிய செய்தி உள்ளே வராது. விளம்பரச் செய்திகளை அவ்வப்போது அழித்து இடம் பண்ண வேண்டும். தொடுதிரைப் போனாக இருந்தால் "ஸ்பேம்" என்ற ஒதுக்கிடத்தில் செய்தி போய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளம்பரத் தொல்லைக்காக 1909-ல் பதிவு செய்திருப்பவர்களுக்கு அதனால் ஓ.டி.பி. நிற்காது, அந்தப் பயம் தேவையில்லை. சிம் கார்டு தொலைந்து அதே எண்ணில் புதிய சிம் வாங்கியிருந்தால், மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்திச் சேவை நிறுத்திவைக்கப்படும். மறுநாள் முயல்வதே சரி.

எண் யாருடையது?

மேலே சொன்னவை எல்லாம் மேலுரம் போன்றவை. அடியுரம் வேறு. பல இடங்களில் எண் வராததன் உண்மைக் காரணம், அது வேறு போனுக்குப் போவதுதான். சில பதிவுகளில் முதல் எண், விவசாயி கொடுத்த போனுக்கு வரும். அடுத்த எண் ஆதாரோடு இணைந்த போனுக்குப் போகும். இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஆதார் எடுத்த காலத்தில் எந்த எண்ணைக் கொடுத்தார்கள்? சிலர் மகனின் எண்ணைக் கொடுத்தார்கள். மகன் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்கிறார். ஆதார் ஓ.டி.பி.க்கு ஆயுள் 10 நிமிடம். அவர் வேலை முடிந்து போனைப் பார்ப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். சிலர் உரக்கடைக்காரர் எண்ணையோ, படிவம் நிரப்பிக் கொடுத்தவர் எண்ணையோ கொடுத்தார்கள். இது மிகவும் ஆபத்து. நிலம் இவருடையது, பெயர் இவருடையது, சாவி மட்டும் அடுத்தவர் பையில் இருக்கிறது. பெண்கள் பெயரில் பட்டா உள்ள குடும்பங்களில் நிலைமை இன்னும் மோசம். கணவர் காலமான பிறகு நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிய பெண்ணுக்குத் தனிப் போன் இருக்காது. அவருடைய உரிமை, உறவினர் ஒருவர் போனை எடுத்துப் பார்ப்பதைப் பொறுத்திருக்கிறது.

செல்போன் எண்ணையும் பட்டாவைப் போலப் பாதுகாக்க வேண்டிய காலம் இது. ஒவ்வொரு விவசாயியும், முக்கியமாக விவசாயம் பார்க்கும் ஒவ்வொரு பெண்ணும், தன் பெயரில் ஓர் எண் வைத்துக்கொண்டு அதையே ஆதார், வங்கி, வேளாண்மைத் துறை மூன்றிலும் கொடுக்க வேண்டும். ஆதாரில் எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் தேவையில்லை; ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கட்டணம் செலுத்தினால் போதும். 2021 முதல் அஞ்சல்காரர்கள் வழியாகவும் இந்த வசதி தரப்பட்டுள்ளது. சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணில் கேட்கலாம்.

அலுவலகத்தின் கடமை

இவ்வளவையும் விவசாயி செய்துவிட்டாலும் குறை தீர்ந்துவிடாது. அனுப்பும் இடத்திலும் பழுது ஏற்படுவது உண்டு. 2021 மார்ச் 8-ந் தேதி, வியாபாரக் குறுஞ்செய்திகளை வடிகட்டும் புதிய முறை அமலுக்கு வந்தபோது, நாடு முழுவதும் வங்கிகளின் ஓ.டி.பி. கூட நின்றுபோனது. ஒழுங்குமுறை ஆணையம் அந்த முறையை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நகரத்தில் வங்கி வாடிக்கையாளருக்கு நின்றால் உடனே நிவாரணம் கிடைக்கிறது. மலையடிவாரக் கிராமத்தில் ஒரு விவசாயிக்கு நின்றால், "உங்கள் போன்தான் சரியில்லை" என்று பதில் கிடைக்கிறது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. கிசான் திட்டத்துக்குப் பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை வைத்துச் சரிபார்க்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாவிட்டால், 2023-ல் வந்த முகம் பார்த்துச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதற்கு ஓ.டி.பி.யும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். உள்ளூரில் தொடுதிரைப் போன் வைத்திருக்கும் ஒருவர் தன் போனிலேயே பக்கத்து விவசாயிகளுக்கும் இதைச் செய்து கொடுக்கலாம். இருக்கும் வழியை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் பெரிய குறை.

எனவே அலுவலகங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. பதிவு முகாமை டவர் சிக்னல் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். ஆதாரில் போன் எண் மாற்றும் வசதியையும் அதே முகாமில் சேர்த்தே வைக்க வேண்டும். மாற்று வழிகளை வேளாண்மை விரிவாக்க மையத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். எண் வராமல் திரும்புபவரின் பெயரையும் தேதியையும் பதிவேட்டில் குறித்து ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். கெடு முடிந்தாலும் அந்தச் சீட்டு உள்ளவருக்கு வாய்ப்பு மறுக்கப்படக் கூடாது. வரும் செய்தி எந்த வேலைக்கு, எத்தனை நிமிடம் செல்லும் என்பது தமிழில் இருக்க வேண்டும். இவை எதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

அவசரத்தில் ஏமாற வேண்டாம்

எண் வராமல் தவிக்கும் விவசாயியைத் தேடித்தான் மோசடிக்காரன் வருகிறான். "வேளாண்மைத் துறையிலிருந்து பேசுகிறேன், வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்பான். கிசான் செயலி என்று சொல்லி வாட்ஸ்-அப்பில் ஒரு கோப்பை அனுப்பி, நிறுவிக்கொள்ளச் சொல்வான். அதை நிறுவினால் போனுக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் அவனுக்குப் போய்விடும்; வங்கிக் கணக்கு காலியாகிவிடும். செயலியைப் போனில் உள்ள முறையான கடையிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். எந்த அதிகாரியும் போனில் ஓ.டி.பி. கேட்கமாட்டார். அரசிடமிருந்து வரும் செய்தியில் அனுப்பியவர் பெயரின் கடைசியில் "ஜி" என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 2025 முதல் இந்த முறை நடப்பில் உள்ளது. பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து வந்தால் நம்பக் கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்ல வேண்டும்.

போன் என்பது உதவியைப் பெறுவதற்கான ஒரு கருவி. உதவிக்கான தகுதி அதுவல்ல. தகுதி நிலத்திலும் உழைப்பிலும் இருக்கிறது. ஆறு இலக்கம் வராத காரணத்தால் எந்த விவசாயிக்கும் ஒரு தவணையாவது நின்றுபோனால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் அல்ல. தன் எண்ணைத் தன் கையில் வைத்துக்கொள்வது விவசாயியின் பொறுப்பு. எண் வராதபோதும் கதவைத் திறந்து கொடுப்பது அலுவலகத்தின் பொறுப்பு. இரண்டு பொறுப்பும் நிறைவேறினால்தான் கணக்கில் சேர வேண்டிய பணம் விதைப்புக்கு முன் வந்து சேரும்.