பெயர் வேண்டும் குற்றம்

விவிலியத்தில் தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தை நாம் அறிவோம். தோட்டத்தில் நீராட வந்த சூசன்னாவை முதியோர் இருவர் ஒளிந்திருந்து பார்த்தனர். அவள் இணங்க மறுத்தபோது அவள்மீதே பழி சுமத்தினர். தானியேல் இருவரையும் தனித்தனியே விசாரித்து உண்மையை வெளிக்கொணர்ந்தார். ஆயினும் அவர்கள் தண்டனை பெற்றது பொய்ச்சாட்சி கூறியதற்கே. ஒளிந்து பார்த்ததற்கெனத் தனித் தண்டனை எதுவும் அங்கே கூறப்படவில்லை.

இன்று ஒளிந்திருப்பது கண் மட்டுமன்று, கைப்பேசியின் காமிராவும்தான். கண் பார்த்தது கண்ணோடு போகலாம். காமிரா பார்த்ததோ நொடிப்பொழுதில் ஊரெங்கும் பரவும். எனவே, ஒருவரின் அந்தரங்கத்தை அவரறியாமல் படமெடுப்பதைத் தனிக் குற்றமாகவே சட்டம் கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

"இருக்கும் சட்டங்கள் போதாவா?" என்பர் சிலர். போதா என்பதற்கு இங்கிலாந்தே சான்று. 2017-இல் லண்டன் ஹைடு பூங்காவில் நடந்த இசை விழாவில், ஜினா மார்ட்டின் என்ற இளம்பெண்ணின் பாவாடைக்கு அடியில் ஒருவன் படமெடுத்தான். அவர் போலீசாரிடம் முறையிட்டார். ஆனால் அச்செயலுக்கெனச் சட்டம் இல்லை. ஒளிந்து பார்ப்பதைத் தடுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குளியலறை போன்ற மறைவிடங்களுக்கே பொருந்தியது. பொது ஒழுக்கத்தைக் கெடுத்தல் என்ற பழைய குற்றமோ, பொதுமக்களின் கண்ணியத்தைக் காக்க வந்ததேயன்றி அப்பெண்ணைக் காக்க வந்ததன்று. அவர் சோர்ந்துவிடாமல் போராடினார். 2019 ஏப்ரலில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாண்டுவரை சிறை உண்டு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் இதே கதைதான். ரயிலில் ஆடை அணிந்து அமர்ந்திருக்கும் பெண்ணைச் சட்டம் காக்காது என 2014 மார்ச் 5-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டே நாளில் புதுச் சட்டம் பிறந்தது. மனமிருந்தால் மார்க்கமுண்டன்றோ!

நம் நாடு இதில் முந்திக்கொண்டது. 2009-இல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, பொது இடமாயினும் தனியிடமாயினும் இதனைக் குற்றம் என்கிறது. 2013-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354-சி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவாக விளங்குகிறது. படமெடுக்க இசைந்தவள் அதைப் பரப்பவும் இசைந்ததாகாது என்றும் அது தெளிவாக்குகிறது.

"விழாவில் படமெடுக்கும் அப்பாவியும் மாட்டிக்கொள்வானே?" என்று அஞ்சத் தேவையில்லை. அறிந்தே, சம்மதமின்றி, அந்தரங்கத்தைப் படமெடுப்பவனையே 66-இ பிரிவு தேடுகிறது.

தோழியரே! குற்றத்திற்குப் பெயர் இல்லாதவரை கேள்விகள் பெண்ணையே துளைக்கின்றன. "ஏன் அங்கே போனாய்? ஏன் அப்படி உடுத்தினாய்?" என்கிறார்கள். பெயர் வந்தபின் கேள்வி ஒன்றே: "நீ ஏன் படமெடுத்தாய்?" வெட்கம் உரியவனிடம் போய்ச் சேருகிறது.

ஆனால் ஏட்டில் உள்ள சட்டம் தானாக நடந்து வராது. ஜவுளிக்கடையின் உடை மாற்றும் அறையிலோ பேருந்திலோ இத்தகைய தீங்கு நேர்ந்தால், வாய்மூடி அழ வேண்டாம். அன்றே அன்னையிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கேட்பவர்களும் முதலில் அவளை நம்புங்கள்.