கணக்குக் கேட்கப்படாதோர்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைக் (கி.பி. 919, 921) காட்டி, குடவோலை பற்றிப் பெருமை பேசுகிறோம். (பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் அக்குடத்தில் இடமில்லை என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.) அங்கே வேறொரு விதியும் உண்டு: வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவ்வூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் இன்று கணக்குக் கேட்கப்படுபவர் ஒருவரே, ஆசிரியர்.

மாணவன் அடங்காவிட்டால் ஆசிரியர் சரியில்லை என்கிறோம். அவர் கை நீட்டினால் கொடியவர் என்கிறோம். அடிப்பது குற்றமே, அதில் நமக்கு இரு கருத்தில்லை. தமிழகம் 2003-இல் விதியைத் திருத்தி உடல் தண்டனையை விலக்கியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மனத்துன்பம் தருவதையும் தடுத்தது. ஆயின் அதே சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்புகளோ ஐந்து! இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். பதிவேடும் கூட்டமும் கணினிப் பதிவும் அவர் தலையில். மற்றவர் விடுப்பெடுத்தால், அகரம் எழுதும் பிள்ளையும் பின்னம் கற்கும் பிள்ளையும் ஒரே குரலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். காலையில் கனிவாய்த் தொடங்கிய குரல் மாலையில் கத்தலாகிறது. இது குணக்கேடா, களைப்பா?

மாணவரின் முரட்டுத்தனத்திற்கும் வேர் உண்டு. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை பாடத்தைக் கவனிக்காது. பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளையின் பசி இவ்வாறு கண்டுகொள்ளப்பட்டது. ஆசிரியரின் சோர்வை யார் கண்டார்?

நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. ஒரே ஓய்வறையில் அரசு ஊதியம் பெறுபவரும், அதே வேலைக்கு அதில் சிறு பகுதியே பெறும் நிர்வாக ஆசிரியரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். பின்னவர் வாய் திறந்தால் அடுத்த ஆண்டு வேலையில்லை. புனித தொன் போஸ்கோ 1884-இல் உரோமையிலிருந்து எழுதிய மடலில், இளைஞரை நேசித்தால் மட்டும் போதாது, அந்நேசத்தை அவர்கள் உணர வேண்டும் என்றார். அஞ்சி அஞ்சிப் பணிபுரிபவர் அதை எங்ஙனம் உணர்த்துவார்? தேர்ச்சி விழுக்காட்டை மட்டுமே விசாரித்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோராகிய நாமும் இந்த அச்சத்தின் பங்காளிகளே.

அடுத்த முறை பூசை முடிவில் தேர்ச்சி விழுக்காடு வாசிக்கப்படும்போது, நிர்வாக ஆசிரியரின் மாத ஊதியத்தையும், அவர் வாரத்தில் நடத்தும் பாடவேளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே வாசிக்கட்டும்.